இன்னொரு பாஷையில் ஒரு கொலை

— அப்போ யாரும் சாகலையா?

— செத்திருக்கா, ஒருத்தி. ஆனா அம்பது வருஷத்துக்கு முன்னாடி. அதுவும் சினிமாவுல.

— அண்ணா! ‘உடனே கிளம்பி வா’ன்னு தந்தி அடிச்சிருக்கே. பஸ்ஸுல வழி முழுக்க அழுதுட்டு வந்திருக்கேன். பக்கத்து சீட்டு அம்மா பாவப்பட்டு அவங்க கைக்குட்டையைக் குடுத்தாங்க. இதோ பாரு, திருப்பிக் குடுக்கக்கூட மறந்து இறங்கிட்டேன்.

— கேளு, வாயாடி, கேளு...

— அஞ்சு வயசுல காய்ச்சல் வந்து காது போனவகிட்ட கேளு கேளுங்கறே. அந்தப் பழக்கம் இன்னும் போகலையா? என்னைப் பார்த்துப் பேசு. உன் வாயைப் பார்த்தாத்தானே நீ சொல்றது எனக்குத் தெரியும்? நான் இங்க நிக்கிறேன், நீ அலமாரிகிட்ட பேசிட்டிருக்கே.

— இப்ப சரியா?

— இல்லை. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... அண்ணா. உன் கண்ணுக்கு என்ன ஆச்சு?

— ரெண்டு வருஷமாச்சு. முதல்ல ஓரமெல்லாம் கறுத்துச்சு, அப்புறம் நடுவும் போச்சு. இப்ப விளக்கு எரியுதா இல்லையான்னுகூடத் தெரியறதில்லை.

— எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

— எழுதறதுக்குக் கண்ணு வேணாமா?

— சிரிக்காதே. எனக்கு வர்ற கோபத்துக்கு அடுத்த பஸ்ஸுல ஏறிடுவேன். ஆமா, மூலையில நிக்கறாரே, இவர் யாரு? இவரும் சினிமாவுல செத்தவரா?

— வணக்கம்மா. தப்பா நினைக்காதீங்க, தந்தி எழுதினது நான்தான். முப்பது வருஷம் தியேட்டர்ல மெஷின் ஓட்டினேன். தியேட்டரை இழுத்து மூடிட்டாங்க. இப்ப சார் சேர்த்து வச்சிருக்கிற பழைய படச்சுருள் டப்பாக்களைத் துடைச்சுத் துடைச்சு அடுக்கிட்டிருக்கேன்.

— இவரு பேசறது நல்லாத் தெரியுது. வாயை நல்லாத் திறந்து பேசறார். அண்ணா மாதிரி மீசைக்குள்ளயே முழுங்கறதில்லை.

— மீசையை எடுத்துடறேன்மா, போதுமா? முதல்ல உக்காரு. ஆபரேட்டர், அந்தச் சுருளை அவ கையில குடுங்க.

— மெதுவாம்மா. ரெண்டு கையாலயும் பிடிங்க.

— என்ன இது, வறட்டி மாதிரி இருக்கு? நாத்தம் வேற.

— அந்த நாத்தத்துக்காக நாப்பது வருஷம் அலைஞ்சேன்மா நான். மூடின தியேட்டர்ல மாடிப்படிக்குக் கீழே, கதவு சாத்திக்காம இருக்க இந்த டப்பாவை முட்டுக் குடுத்து வச்சிருந்தாங்க. ஆபரேட்டர் கால் இடறி விழுந்திருக்கார். விழுந்தவர், டப்பா மேல இருந்த பேரைப் பார்த்து எந்திரிக்காம அங்கேயே உக்காந்துட்டாராம்.

— சத்தியம்மா. முட்டியில ரத்தம். ஆனா எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு.

— அப்படி என்ன படம் அது?

— நீ சின்னப் பொண்ணா இருக்கும்போது நான் அடிக்கடி சொல்வேனே, பூட்டின அறையில ஒரு பொண்ணைக் கொன்னு போட்டிருப்பாங்கன்னு. அந்தப் படம்.

— சொல்வே. ஆனா ஒரு நாளும் கூட்டிட்டுப் போனதில்லை. ‘பேசும் படத்துல உனக்கு என்ன இருக்கு’ன்னு கேட்டுட்டு சினேகிதனோட போயிடுவே. நான் ஜன்னல்கிட்டயே நிப்பேன். சரி, விடு. சொல்லு.

— பேசும் படம் வந்த புதுசுல குரல் மாத்திப் போடற வித்தை எல்லாம் கிடையாது. ஒரே படம் ரெண்டு பாஷையில வேணும்னா, ரெண்டு தடவை எடுக்கணும். அதே வீடு, அதே நாற்காலி, அதே துப்பாக்கி. பகல்ல ஒரு கூட்டம் வந்து நம்ம பாஷையில நடிச்சுட்டுப் போகும். ராத்திரி இன்னொரு கூட்டம் வந்து, அவங்க நின்ன இடத்துலயே நின்னு, அந்த இன்னொரு பாஷையில பேசும்.

— அட!

— அடன்னா அட! நாங்க நாலஞ்சு பேரு இந்தப் பைத்தியத்துலயே வாழ்ந்தோம். எது முதல்ல எடுத்தது, எது பின்னால எடுத்ததுன்னு எப்படிக் கண்டுபிடிப்போம் தெரியுமா? மேசை மேல மெழுகுவத்தி இருக்கும். எந்தப் படத்துல அது குட்டையா இருக்கோ, அது ராத்திரிப் படம். ஒரு படத்துல வில்லன் துப்பாக்கியையே எடுத்திருக்க மாட்டான், ஆனா சுவத்துல ஏற்கெனவே குண்டு துளைச்ச ஓட்டை இருக்கும்! பகல்ல வந்தவன் சுட்டது.

— ராத்திரிக்காரங்க வீட்டுக்குள்ள பகல்காரங்க ஆவி மாதிரி நடமாடியிருக்காங்கன்னு சொல்லு.

— அதேதான்! இதைத்தான் நான் சொன்னா எவனுக்கும் புரியறதில்லை. ஆபரேட்டர், கேட்டீங்களா? ஒரு வரியில சொல்லிட்டா.

— சார், நம்ம பொணத்தைப் பத்தி அம்மாகிட்ட சொல்லுங்க.

— ஆங், அது! கேளு... சரி, பாரு. கிட்டத்தட்ட எல்லாரும் மாறுவாங்க, பொணம் மாறாது. செத்தவளுக்கு எதுக்கு பாஷை? அதனால பகலுக்கும் ராத்திரிக்கும் ஒரே பொண்ணு. பாவம், ஷிப்ட் போட்டுச் செத்திருக்கா. வீட்டுக்குப் போகக்கூட விட்டிருக்க மாட்டாங்க.

— சம்பளமாவது ரெண்டா குடுத்தாங்களா?

— அவ பேரையே போடலை, எங்க சம்பளம்? இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்ம பாஷைப் படம் என்கிட்ட முழுசா இருக்கு. அதுல மாடியில குடியிருக்கிற அசலூர்க்காரன்தான் கொலைகாரன். நகைக்காகக் கொன்னான்னு முடியும். ஆனா அந்தப் பாஷைப் படத்துல கொலைகாரன் வேற ஆளுன்னு ஒரு பேச்சு. அது ஒரு வாரம்கூட ஓடலை. கடைசிக் காட்சியில ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். கொலைப் படத்துல எதுக்குச் சிரிச்சாங்கன்னு இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது. படத்தைத் தூக்கிட்டாங்க, அதோட காணாமப் போச்சு.

— கொலைகாரன் டாக்டர்தான்னு சார் அடிச்சு சொல்வார்மா. சாரோட சினேகிதர் ஒருத்தர், சுருட்டுன்னு கூப்பிடுவோம், அவரு ‘ரெண்டுலயும் ஒரே ஆள்தான், உனக்குக் கிறுக்கு’ம்பார். இருபது வருஷமா இதே சண்டை.

— இப்பத்தான் சுருள் கிடைச்சிடுச்சே, போட்டுப் பார்த்துக்க வேண்டியதுதானே? நான் எதுக்கு?

— அந்தக் காலத்துல படம் சுருள்ல இருக்கும், பேச்சு தனியா இசைத்தட்டுல இருக்கும். ரெண்டையும் சேர்த்து ஓட்டுவாங்க. சுருள் கிடைச்சது. தட்டு தூள். இது ஊமைப் படம்மா இப்ப. வாய் அசையும், சத்தம் வராது.

— ஓ.

— எனக்குக் கண்ணு இல்லை. படத்துக்குக் குரல் இல்லை. உதட்டைப் பார்த்தே பேச்சு தெரிஞ்சுக்கிறவ, அதுவும் அந்தப் பாஷை தெரிஞ்சவ, இந்த உலகத்துல எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான்.

— அந்தப் பாஷையை நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?

— வாயாடி...

— என் வீட்டுக்காரர் வாயைப் பார்த்துக் கத்துக்கிட்டேன். கல்யாணமான புதுசுல அவரு தினமும் எதிர்ல உக்காந்து, கரண்டி, ஜன்னல், மழைன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுவாரு. நீ என்ன சொன்னே அப்போ? ‘காதும் கேக்காது, பாஷையும் தெரியாது, எந்த லட்சணத்துல குடும்பம் நடத்தப் போறே’ன்னே. அதோட சரி. அவரு தவறினப்பகூட நீ வரலை. படத்துக்கு மட்டும் அந்தப் பாஷை வேணும். மாப்பிள்ளையா வந்தா வேணாம்!

— சார், தப்பா நினைக்காதீங்க, நான் வேணா வெளியில...

— இருங்க ஆபரேட்டர். அவ சொல்றது சரிதான். சொல்லட்டும்.

— சொல்லிட்டேன். மெஷினைப் போடுங்க. பஸ் ஏறி வந்தாச்சு, பொணத்தையாவது பார்த்துட்டுப் போறேன்.

— அம்மா, ஒரு விஷயம். இந்தச் சுருள் காஞ்சு சுருங்கிப் போச்சு. ஓரத்து ஓட்டையெல்லாம் விண்டுட்டு நிக்குது. ஒரு தடவைதான் போகும். திருப்பிச் சுத்தினா அப்பளமா நொறுங்கிடும். தவறவிட்டா தவறவிட்டதுதான்.

— ஒரே தடவையா? ஐயோ, எனக்குக் கை நடுங்குதே.

— உனக்குக் கை எதுக்கு? கண்ணு நடுங்காம இருந்தாப் போதும். ஆபரேட்டர், ஜன்னல் திரையை இழுத்து விடுங்க. மெஷின்ல இருக்கிற இந்தக் கண்ணாடிச் சதுரத்துல படம் சின்னதாத் தெரியும், கிட்ட வந்து உக்காரு. இருட்டுல நான் பேசினா உனக்குத் தெரியாதுல்ல, அதுக்கு இந்த டார்ச். எதாவது கேக்கணும்னா என் மூஞ்சியில அடிச்சுக்கிறேன்.

— கீழேர்ந்து அடிக்காதே! பேய் மாதிரி இருக்கே. கொஞ்சம் தள்ளி... ம், இப்ப மனுஷன்.

— சுத்துங்க ஆபரேட்டர். மெதுவா. ஆஹா... டக்டக்டக்டக்... கேக்குதா உங்களுக்கு? கண்ணு போனப்புறம் இந்தச் சத்தம்தான் எனக்குப் படம். ஒட்டு போட்ட இடம் வந்தா ஒரு தட்டு தட்டும். ஓட்டை விண்ட இடத்துல விக்கும். பல்லு உடைஞ்ச சக்கரமா இருந்தா அதுவும் தெரியும்.

— எனக்குப் பின்னால நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா? உன் டார்ச் எரியலை, ஆனா கை ஆடுது.

— ஒண்ணுமில்லைம்மா. எரியுதா இப்ப? என்ன தெரியுது, சொல்லு.

— வீடு. பெரிய வீடு. மாடிப்படி வளைஞ்சு போகுது. மேசை மேல மெழுகுவத்தி...

— எவ்வளவு உயரம்?

— குட்டை. அடிமட்டம்.

— ராத்திரிப் படம்! சுவத்துல? கடிகாரத்துக்கு இடது பக்கம்?

— ஓட்டை இருக்கு. அண்ணா, நீ சொன்ன ஓட்டை அப்படியே இருக்கு!

— ஆபரேட்டர், இருக்காம்!

— நானும் பார்க்கிறேன் சார்.

— ஆளுங்க வர்றாங்க. கோட்டுப் போட்டவர் ஒருத்தர், போலீஸ்னு நினைக்கிறேன். ‘யாரும் இந்த அறையை விட்டுப் போகக் கூடாது’ங்கறார். ஒரு கிழவி, ‘என் கண்ணே போயிட்டியே’ன்னு... சே, இந்தம்மா வெத்தலை போட்ட மாதிரி பேசறாங்க, பாதி தெரியலை. டாக்டர் வர்றார். பை வச்சிருக்கார்.

— அவன்தான்! என்ன சொல்றான்?

— ‘கழுத்துல கை பட்ட அடையாளம் இருக்கு. தெரிஞ்ச கை’ங்கறார்.

— தெரிஞ்ச கை! நம்ம படத்துல இந்த வசனமே கிடையாதும்மா. அப்புறம்?

— அண்ணன் வர்றார்.

— எந்த அண்ணன்?

— செத்தவளோட அண்ணன்னு நினைக்கிறேன், எல்லாரும் ஒதுங்கி வழி விடறாங்க. நல்ல உயரம். தலைமுடி சுருட்டை.

— ஓ, அவரா! அவரு பெரிய பாட்டுக்காரர்மா, ரெண்டு படத்துலயும் அவரையே போட்டாங்க. கூட்டம் வரணுமே. ஆனா அந்தப் பாஷை அவருக்கு ஒரு எழுத்துத் தெரியாது. நம்ம படத்துல அவருக்கு அழறதுதான் வேலை. அழுதுட்டே பாடுவார்.

— இங்க பாடலை. பொணத்துக்கு எதிர்ல முட்டி போட்டார். எல்லாரும் அவரையே பார்க்கறாங்க. அவரு பேசறார்... அண்ணா, அவரு பேசறார், ஆனா எனக்குத் தெரியலையே!

— ஏன்? என்ன ஆச்சு?

— முதுகைக் காட்டிட்டிருக்கார்! தலை ஆடுது, தோள் குலுங்குது, வாய் அந்தப் பக்கம் இருக்கு. போலீஸ்காரர் வாயைப் பொத்திக்கிறார். டாக்டர் ரெண்டடி பின்னால போறார். ஏதோ பெருசாச் சொல்றார், எனக்கு ஒண்ணுமே தெரியலை.

— போச்சு. பாஷை தெரியாதவன் உதடு தப்பா அசைஞ்சா ஜனங்க கண்டுபிடிச்சுடுவாங்கன்னு திருப்பி உக்கார வச்சிருக்காங்க. நாப்பது வருஷம்... ஒரு முதுகுகிட்ட வந்து முடிஞ்சு போச்சே, ஆபரேட்டர்!

— நிறுத்தட்டுமா சார்?

— ஒரு தடவைதான் போகும்னீங்களே. ஓடட்டும். என்ன இருக்கு இனிமே.

— அண்ணா!

— என்னம்மா?

— பொணம் பேசுது.

— என்ன உளர்றே?

— பொணம் பேசுதுண்ணா! தரையில கிடக்கிற பொண்ணு. முடி பாதி மூஞ்சியை மூடியிருக்கு, கண்ணு மூடியிருக்கு, ஆனா உதடு அசையுது. அவளைப் பார்த்து முட்டி போட்டிருக்காரே, அவருக்குத்தான் சொல்றா. அவ ஒரு வரி சொல்றா, நிறுத்தறா, அவரு தலை ஆடுது. அப்புறம் அடுத்த வரி!

— ஆபரேட்டர்?

— சார், எனக்கு அந்த ஆளோட முதுகுதான் தெரிஞ்சது. இப்ப அம்மா சொன்னப்புறம் பார்க்கிறேன்... ஐயோ, ஆமா சார்! உதடு அசையுது! இத்துனூண்டு!

— எடுத்துக் குடுக்கறா! வசனம் எடுத்துக் குடுக்கறா! பகலெல்லாம் நம்மவங்களோட, ராத்திரியெல்லாம் அவங்களோட படுத்துக் கிடந்தவளுக்கு ரெண்டு பாஷையும் மனப்பாடம் ஆயிடுச்சு. சத்தம் வந்தா மைக்குல விழும்னு உதட்டை மட்டும் அசைக்கிறா. அவன் அதைப் பார்த்துப் பார்த்துப் பேசறான். உன்னை மாதிரியே! ஜனங்க எதுக்குச் சிரிச்சாங்கன்னு இப்பத் தெரியுதா? எவனோ ஒருத்தன் பொணம் பேசறதைப் பார்த்துட்டான்!

— நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதல்ல வாயைத்தான் பார்ப்பேன். உசிரோட இருக்கவங்க வாயையே பார்த்துட்டிருந்துட்டேன், இவளைக் கவனிக்கவே இல்லை. பேசாதே, டார்ச்சை அணை. பாதி போயிடுச்சு. ‘...டாக்டர் இல்லை. மாடியில இருக்கிறவர் இல்லை. நான்தான்.’

— நான்தான்னா?

— ‘என் கூடப் பிறந்தவளை நானே கொன்னேன்.’ அவ அண்ணன்தாண்ணா. ‘நகைக்காக இல்லை. திருடன் வந்த மாதிரி இருக்கட்டும்னு நகையை நானே கிணத்துல போட்டேன்.’

— சார், சுருட்டு சார் தோத்தாரு!

— நானும்தான் தோத்தேன். உஷ்.

— ‘அவ வேற வீட்டுக்குப் போறேன்னா. அந்த வீட்ல பேசறது எனக்குப் புரியாது. அங்க போய் அவ சிரிச்சா, எதுக்குச் சிரிக்கிறான்னுகூட எனக்குத் தெரியாது. அவளுக்கு நான்தானே எல்லாம்னு இருந்தேன். அவ போயிட்டா இவ்வளவு பெரிய வீட்ல நான் தனியா என்ன பண்ணுவேன்?’

— ஆபரேட்டர். நிஜமாவே உதடு அசையுதா? இல்லை, இவளா சொல்றாளா?

— சத்தியமா அசையுது சார். நிக்காம அசையுது.

— ஆமா. மெஷினும் ஓடிட்டிருக்கு. எனக்குக் கேக்குது. படத்துலதான் இருக்கு.

— ‘கழுத்துல கை வச்சப்ப அவ கத்தலை. என் மூஞ்சியையே பார்த்துட்டிருந்தா. நான் ஏதோ சொல்லப் போறேன்னு, அது என்னன்னு தெரிஞ்சுக்க என் வாயையே பார்த்துட்டிருந்தா. நான் ஒண்ணும் சொல்லலை.’ அவ்வளவுதான். உதடு நின்னுடுச்சு. அவரு குனிஞ்சு அழறார். எல்லாரும் தொப்பியை எடுத்துட்டு நிக்கறாங்க. அண்ணா? டார்ச்சைப் போடேன். எதாவது சொல்லேன். நீ சொன்னதுதானே நடந்தது, கொலைகாரன் வேற ஆளுதானே? ஏன் டார்ச்சைப் போட மாட்டேங்கறே?

— சார், தப்பா நினைக்காதீங்க...

— இருங்க ஆபரேட்டர். டார்ச் வேணாம். இந்த மூஞ்சியை அவ பார்க்க வேணாம். ஒரு நிமிஷம்.

— அண்ணா, அழறியா? உன் தோள் ஆடுதே... அந்த ஆளோட முதுகு மாதிரியே ஆடுதே... இரு. இரு, இன்னும் முடியலை. இன்னும் ஓடுது. அவ உதடு திரும்ப அசையுது.

— சார், ரீ...

— வாயை மூடுங்க ஆபரேட்டர். அவ சொல்லட்டும்.

— இது வசனம் இல்லைன்னு நினைக்கிறேன். எல்லாரும் போனப்புறம் கேமராவை நிறுத்த மறந்துட்டாங்க போல. அவரு இன்னும் எந்திரிக்காம முட்டி போட்டு அழுதுட்டே இருக்கார். இவ சொல்றா... ‘அண்ணா, போதும். சரியாத்தான் சொல்லிட்டீங்க.’

— ம்.

— ‘நான் அங்க நல்லாத்தான் இருந்தேன். நிறையச் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சேன்னு ஒவ்வொண்ணா உங்களுக்குச் சொல்றேன், நேரம் இருக்கு.’

— ம்.

— ‘வலியெல்லாம் எப்பவோ போயிடுச்சு. தரை ஜில்லுனு இருக்கு, எந்திரிங்க. எனக்கும் கை குடுங்க. வீட்டுக்குப் போலாம்.’

— அவ்வளவுதானா? இரு, டார்ச்சைப் போடறேன்... இப்பத் தெரியுதா? அவ்வளவுதானா, வாயாடி?

— அவ்வளவுதாண்ணா. இப்பத்தான் சுருள் முடிஞ்சது. கண்ணாடி வெள்ளையாயிடுச்சு.

— நல்லாப் பார்த்துச் சொன்னே. உன்னை விட்டா இதை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க... ஆபரேட்டர், டார்ச் அணைஞ்சிடுச்சா? அவ என்ன பண்றா?

— அணைஞ்சிடுச்சு சார். அம்மா கைக்குட்டையில மூஞ்சியைப் பொத்திட்டிருக்காங்க. தப்பா நினைக்காதீங்க சார், நான் அப்பவே சொல்ல வந்தேன்...

— சொல்லாதீங்க, அவகிட்டயும் சொல்லிடாதீங்க: அவ ‘இன்னும் ஓடுது’ன்னு சொல்றதுக்கு முன்னாடியே சுருள் தீர்ந்து மெஷின் நின்ன சத்தம் எனக்குக் கேட்டுடுச்சு.